அதிகமா சத்தம் போடுறவங்களுக்கு முதல்ல கட்டுறீங்க, சிக்கலே அங்கதான்

வாசகி ஒருத்தர் நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேர், வேலை, இருக்குற இடம் எதையும் இங்க சொல்லல. தொகையையும் அப்படியே போடல, ஏன்னா தெரிஞ்சவங்க யாராவது படிச்சா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயப்படுறாங்க. அதனால வீட்டுக்கு மாசம் வர்ற மொத்த வருமானத்தை 100ன்னு வெச்சுக்கிட்டு, மத்த எல்லாத்தையும் அதே கணக்குக்கு மாத்திட்டேன். இதைப் படிக்கிற மத்தவங்களும் தங்களோட வருமானத்தை 100ன்னு வெச்சுப் பார்த்தா அவங்கவங்க நிலைமை தெரியும்.

கடிதத்தோட சுருக்கம் இதுதான். கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர். 100ல அவர் சம்பளம் 60, இவங்க சம்பளம் 40. வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 70. கடன்னு பார்த்தா, முதல் கிரெடிட் கார்டுல பாக்கி 150, ரெண்டாவது கார்டுல 90, ரெண்டுக்கும் மாசம் 3% வட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த பர்சனல் லோன்ல பாக்கி 220, வருஷத்துக்கு 14%, இஎம்ஐ 9, இன்னும் 29 மாசம் இருக்கு. போன் ஆப்ல வாங்குனது 20, அதை அடைக்க முடியாம மாசா மாசம் 2 கட்டி புதுப்பிச்சுக்கிட்டே வர்றாங்க. கூட வேலை பார்க்குற தோழிகிட்ட கைமாத்தா வாங்குனது 40, வட்டி கிடையாது, ஆனா தினமும் முகத்தைப் பார்க்கணுமேன்னு மாசம் 8 கொடுக்குறாங்க. மொத்தக் கடன் 520. இதுபோக வங்கியில 60 டெபாசிட் இருக்கு, 6% வட்டியில, பிள்ளைங்க படிப்புக்குன்னு.

கணவருக்கு முதல் கார்டும் பர்சனல் லோனும்தான் தெரியும். ரெண்டாவது கார்டு, ஆப், தோழி, இந்த மூணும் தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது போனை கவுத்து வெச்சிடுவாங்களாம், ஆப் காரங்க கூப்பிட்டா குளியலறைக்குள்ள போய் தண்ணியத் திறந்து விட்டுட்டுப் பேசுவாங்களாம். இப்போ ஒரு கம்பெனிக்காரர் வந்து 530 லோன் தர்றேன், வெறும் 11% வட்டி, 5 வருஷம், எல்லாத்தையும் ஒரே அடியா அடைச்சிடலாம்னு சொல்லியிருக்கார். ஆனா கணவரோட கையெழுத்து வேணும். "ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லி கையெழுத்து வாங்கிடலாமா? டெபாசிட்டைத் தொடலாமா? ஆப் காரங்க போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்போம்னு சொல்றாங்க, நடக்குமா? நான் ஒரு மாசம்கூட தவறினதில்ல, ஆனா கடன் குறையவே மாட்டேங்குது, எனக்கு மூளையே வேலை செய்யல." இதுதான் அவங்க கேட்டிருக்குறது.

சகோதரி, கடைசியில சொன்னீங்களே மூளை வேலை செய்யலன்னு, அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோன்னு நாலு ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள்கிட்ட ஒரு ஆய்வு பண்ணி, 2013ல சயின்ஸ் இதழ்ல வெளியிட்டாங்க. அறுவடைக்கு முன்னாடி கையில காசு இல்லாத சமயத்துலயும், அறுவடை முடிஞ்சு பணம் வந்த பிறகும், அதே ஆளுங்களுக்கு அதே மாதிரி புதிர்களைக் கொடுத்துப் பார்த்தாங்க. பணம் வர்றதுக்கு முன்னாடி மதிப்பெண் குறைவா இருந்துச்சு, வந்த பிறகு கூடிச்சு. ஆள் மாறல, அறிவு மாறல, மனசு மேல இருந்த பாரம்தான் மாறிச்சு. நாலு பேருக்குப் பயந்து ஒரு மாசத்தை ஓட்டுற ஒருத்தருக்கு நிதானமா உக்காந்து வட்டிக் கணக்கு போட மனசுல இடம் இருக்காது. உங்களுக்குக் குறைபாடு எதுவும் இல்ல, அதனால உங்களுக்காக அந்தக் கணக்கை நான் போட்டுட்டேன், நீங்க படிச்சுப் பாருங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன். 520ங்குறது உங்க வீட்டோட அஞ்சு மாச வருமானத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ராத்திரி முழிச்சுக் கிடக்கும்போது அது மலை மாதிரி தெரியும், எனக்குப் புரியுது. ஆனா ரெண்டு சம்பளம் வர்ற வீட்டுல இது தீர்க்கக்கூடிய கடன்.

தவறாம கட்டியும் ஏன் குறையல

நீங்க அனுப்புன ஸ்டேட்மென்ட்ல ஒரே ஒரு மாசத்தை எடுத்துக்குவோம், முதல் கார்டு. மாச ஆரம்பத்துல பாக்கி 150. நீங்க கட்டுன மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகை, 7.5. ஏறுன வட்டி 4.5. அந்த மாசம் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் புதுசா தேய்ச்சது 3. மாசக் கடைசியில பாக்கி மறுபடியும் 150. ரெண்டாவது கார்டும் இதே கதைதான், 4.5 கட்டுறீங்க, அதுல 2.7 வட்டிக்குப் போகுது, மிச்சம் குறைஞ்சதை புதுசா தேய்ச்சது சரிக்கட்டிடுது.

மினிமம் டியூங்குறது கடனை அடைக்கிறதுக்கான தொகைன்னு நீங்க நினைச்சுட்டு இருக்கீங்க, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. அதைக் கட்டுனா அபராதம் விழாது, கணக்கு கெட்டுப்போகாது, அதுக்கு மட்டும்தான் அது. இன்னைலேர்ந்து கார்டைத் தொடவே தொடாம மினிமம் 5% மட்டும் கட்டிக்கிட்டே வந்தாலும், 150 பாதியாக 32 மாசம் ஆகும், அந்தப் பாதி மறுபடி பாதியாக இன்னொரு 32 மாசம். மாசம் 3%ன்னா வருஷத்துக்கு 36%ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தா 42%ஐத் தாண்டிடும். அமெரிக்காவுல 2009ல வந்த கிரெடிட் கார்டு சட்டத்துல, மினிமம் மட்டும் கட்டுனா கடன் முடிய எவ்வளவு காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டி வரும்னு ஸ்டேட்மென்ட்லயே அச்சடிக்கணும்னு கட்டாயமாக்குனாங்க, அந்த அளவுக்கு ஜனங்க அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து ஏமாந்து போறாங்க. அதே வருஷம் நீல் ஸ்டூவர்ட்ங்குற உளவியல் ஆய்வாளரும் ஒண்ணு காட்டுனார்: முழுசா கட்ட முடியாதவங்களுக்கு மினிமம் எவ்வளவுன்னு பில்லுல காட்டுனா, காட்டாதப்போ கட்ட நினைக்கிறதைவிடக் குறைவாத்தான் கட்ட நினைக்கிறாங்களாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். வட்டியில்லாத நாட்கள்னு ஒண்ணு இருக்கே, அது முழு பாக்கியையும் கட்டுறவங்களுக்குத்தான். பழைய பாக்கி வெச்சுட்டு புதுசா தேய்ச்சா, பெரும்பாலான கார்டுகள்ல தேய்ச்ச நாள்லேர்ந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். அதனால நீங்க கார்டுல வாங்குற ஒவ்வொரு மளிகைச் சாமானும் மாசம் 3% விலை கூடித்தான் வீட்டுக்கு வருது.

சரி, ஏன் தேய்க்க வேண்டி வருது? உங்க கணக்கையே கூட்டிப் பாருங்க. வீட்டுச் செலவு 70. கார்டு ரெண்டுக்கும் 12, இஎம்ஐ 9, ஆப்புக்கு 2, தோழிக்கு 8, ஆக 31. மொத்தம் 101, வர்றது 100. இதுக்கு மேல "திடீர் திடீர்னு செலவு வந்துடுது"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க சொன்ன திடீர் செலவு என்னென்னன்னு பார்த்தேன்: பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், சொந்தத்துல ரெண்டு விசேஷம். இதுல பள்ளிக் கட்டணமும் இன்சூரன்ஸும் எந்த மாசம் வரும், எவ்வளவு வரும்னு போன வருஷமே தெரியும். உடம்பு சரியில்லாம போறது, வேலை போறது, இதெல்லாம்தான் அவசரம். தேதி தெரிஞ்ச செலவுக்கு மாசா மாசம் 3 தனியா எடுத்து வெச்சா, வருஷத்துக்கு 36 சேரும், உங்க பட்டியலுக்கு அது போதும். அந்த 3ஐ வேற ஒரு கணக்குல போடுங்க, தினம் புழங்குற கணக்குலயே வெச்சா கரைஞ்சிடும்.

அந்த 11% லோன் நிஜத்துல எவ்வளவு

உங்களுக்கு இப்போ இருக்குற பர்சனல் லோன் 14%, புதுசு 11%, அதனால லாபம்னு எழுதியிருக்கீங்க. இது தப்பு, ஆனா உங்க மேல தப்பில்ல, அவர் சொன்ன விதம் அப்படி. அந்த 11% ஃபிளாட் வட்டி. அதாவது நீங்க மாசா மாசம் அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வந்தாலும், அஞ்சாவது வருஷம் பாதிக்கு மேல அடைச்ச பிறகும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்குன முழுத் தொகைக்கே போட்டுக்கிட்டு இருப்பாங்க. உங்க பழைய லோன்ல அப்படியில்ல, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும். ரெண்டையும் ஒரே அளவுகோல்ல வெச்சுப் பார்த்தா, 5 வருஷத்துக்கு ஃபிளாட் 11%ங்குறது குறையுற பாக்கிக் கணக்குல கிட்டத்தட்ட 19%.

அவர் சொன்னபடி 530 வாங்குனீங்கன்னா வட்டி மட்டும் 291, மொத்தம் 821க்கு மேல கட்டுவீங்க. மாசத் தவணை 13.7தான் வரும், இப்போ கட்டுற 31ஐவிடப் பாதிக்கும் கம்மி, அந்த நிம்மதியைத்தான் அவர் விக்கிறார். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. பழைய லோன் 220ஐ அப்படியே விட்டா 29 மாசத்துல சுமார் 40 வட்டியோட முடிஞ்சிடும், அதையே புது லோனுக்கு மாத்துனா அந்த 220க்கு மட்டும் 121 வட்டி. தோழியோட 40க்கு இன்னைக்கு வட்டியே கிடையாது, அதுக்கும் 22 வட்டி கட்ட ஆரம்பிப்பீங்க.

கடன்களை ஒண்ணா சேர்க்குறதே தப்புன்னு நான் சொல்லல. 36% கடனை 15% கடனா மாத்துறது நல்ல காரியம்தான். கார்டு பாக்கி 240க்கு மட்டும், குறையுற பாக்கிக்கு 15% வட்டியில, 18 மாசத்துக்கு ஒரு லோன் கிடைச்சா தவணை 15 வரும், வட்டி மொத்தமே 30க்குள்ள முடிஞ்சிடும், அப்படிக் கிடைச்சா தாராளமா வாங்குங்க. கார்டு கொடுத்த வங்கிகிட்டயே பாக்கியைத் தவணையா மாத்திக் கேளுங்க, நிறைய வங்கிகள் மாத்திக் கொடுக்கும், பலருக்கு இது தெரியறதே இல்ல. எங்க கேட்டாலும் மூணு கேள்வி கேளுங்க: வட்டி ஃபிளாட்டா, குறையுற பாக்கிக்கா? கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து கையில எவ்வளவு வரும்? முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டா? பதிலை எழுத்துல வாங்குங்க.

ஆனா கார்டு பாக்கி பூஜ்யம் ஆனதும் ரெண்டாவது கார்டை மூடிடணும், முதல் கார்டோட லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திடணும். இதைச் செய்யாம லோன் மட்டும் வாங்குன குடும்பங்கள்ல, கொஞ்ச காலத்துல லோனும் இருக்கும், கார்டுலயும் பழைய பாக்கி திரும்ப வந்து நிக்கும். எனக்கு வர்ற கடிதங்கள்ல ரொம்ப வருத்தமானது இந்த வகைதான்.

யாருக்கு முதல்ல கட்டணும்

உங்க கடிதத்தை ரெண்டு தரம் படிச்சதும் எனக்குப் பட்டது இது: நீங்க வட்டியைப் பார்த்துக் கட்டல, சத்தத்தைப் பார்த்துக் கட்டுறீங்க. தோழி தினமும் எதிர்ல வர்றாங்க, அதனால வட்டியே இல்லாத கடனுக்கு மாசம் 8. ஆப் காரங்க கத்துறாங்க, அதனால அவங்களுக்கு உடனே 2. கார்டு கம்பெனி மினிமம் கட்டுனா சத்தம் போடுறதில்ல, அதனால அங்க மினிமம், ஆனா மாசம் 7க்கு மேல உங்ககிட்டேர்ந்து அமைதியா எடுத்துக்கிட்டு இருக்குறது அவங்கதான். இதை மாத்தணும்.

வாடகை, கரண்ட், சாப்பாடு, மருந்து, பிள்ளைங்க படிப்பு, இதுக்குப் பிறகுதான் எந்தக் கடன்காரரும். அடுத்து, தவறுனா விளைவு பெருசா இருக்குற லோன் இஎம்ஐ. அதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குற ஒவ்வொரு காசும் வட்டி அதிகமான இடத்துக்குப் போகணும்.

உங்க கணக்குல வட்டி அதிகமானது ஆப் கடன், மாசம் 10%. அதை இந்த வாரமே டெபாசிட்லேர்ந்து 20 எடுத்து முடிச்சிடுங்க. பிள்ளைங்க காசைத் தொடுறோமேன்னு மனசு உறுத்துதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்குப் புரியுது. ஆனா வருஷத்துக்கு 6% வாங்கித் தர்ற காசை பத்திரமா வெச்சுக்கிட்டு, மாசத்துக்கு 10% வெளிய கொடுக்குறதால அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன நன்மை? மீதி 40ஐ கார்டுல போட்டா கணக்குப்படி இன்னும் லாபம்தான், இருந்தாலும் நான் அதை அவசரத்துக்குன்னு வெச்சுக்கச் சொல்றேன், கையில ஒண்ணுமே இல்லாம இருந்தா அடுத்த காய்ச்சலுக்கு நீங்க திரும்ப அந்த ஆப்பைத்தான் திறப்பீங்க.

தோழிகிட்ட நேர்ல பேசுங்க. "இனிமே மாசம் 3 கண்டிப்பா வரும், சம்பள தேதியிலேயே உனக்கு வந்துடும், 14 மாசத்துல முடியும்"னு தேதியோட சொல்லுங்க. கேட்டுக் கேட்டு 8 வாங்குறதைவிட, கேட்காமலே வர்ற 3 பல பேருக்கு நிம்மதி. அவங்களுக்கே அவசரம்னா 4 கொடுங்க, அதுக்கு மேல வேணாம்.

இப்போ மாசக் கணக்கு எப்படி வருதுன்னு பாருங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசி வீட்டுச் செலவை 70லேர்ந்து 66க்குக் கொண்டு வந்தா, 66, வருஷச் செலவுக்கு 3, இஎம்ஐ 9, தோழிக்கு 3, ஆக 81. மிச்சம் 19 முழுசா கார்டுகளுக்கு, புதுசா தேய்க்காம. 240 பாக்கி பதினாறு பதினேழு மாசத்துல முடிஞ்சிடும், வட்டி சுமார் 66. செலவைக் குறைக்கவே முடியல, 70லயே நிக்குதுன்னாலும் 15 கட்டலாம், அப்பவும் 23 மாசத்துக்குள்ள முடியும். இதுல ஒரு புது லோன்கூட இல்ல. இந்த வழியில கார்டுக்கும் பழைய லோனுக்கும் சேர்த்து வட்டி 106, அந்தக் கம்பெனிக்காரர் வழியில கிட்டத்தட்ட 300.

கார்டு ரெண்டுல எதை முதல்ல? வட்டி ஒண்ணா இருக்குறதால சின்னதை, அதாவது 90 பாக்கி இருக்குற ரெண்டாவது கார்டை. முதல் கார்டுக்கு மினிமம் 7.5, மிச்சம் 11.5 ரெண்டாவதுக்கு, ஒன்பது மாசத்துல அது ஒழிஞ்சிடும். டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன்னு ரெண்டு பேர் 2012ல வெளியிட்ட ஆய்வுல, கடன் தீர்க்கும் திட்டத்துல சேர்ந்தவங்களோட கணக்குகளைப் பார்த்தப்போ, ஒவ்வொரு கணக்கா முழுசா மூடுனவங்க மொத்தக் கடனையும் முடிக்கிற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. வட்டி வேற வேறயா இருந்தா அதிக வட்டியைத்தான் முதல்ல அடைக்கணும்னு நான் சொல்லுவேன், உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்ல.

ஆப் காரங்களோட மிரட்டல்

கடன் கட்ட முடியலங்குற ஒரே காரணத்துக்காக யாரையும் ஜெயில்ல போடக்கூடாதுன்னு, 1966ல ஐக்கிய நாடுகள் சபை ஏத்துக்கிட்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தோட 11வது பிரிவு சொல்லுது, உலகத்துல பெரும்பாலான நாடுகள் அதுல சேர்ந்திருக்கு. கடன் பாக்கி பொதுவா சிவில் விவகாரம். அவங்க கோர்ட்டுக்குப் போகலாம், நோட்டீஸ் அனுப்பலாம், கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டுற உங்க கிரெடிட் ஸ்கோர் அடிபடலாம், அது உண்மையான ஆபத்துதான். ஆனா போன்ல ஒருத்தர் "இன்னும் ஒரு மணி நேரத்துல போலீஸ் வரும்"னு சொல்றது பயமுறுத்துறதுக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: பொய்யான சம்பளச் சீட்டு, போலி ஆவணம் கொடுத்து வாங்குன கடன் வேற கதை, சில நாடுகள்ல செக் திரும்புறதும் குற்ற வழக்காகும், அதனால கையில காசு இல்லாம யாருக்கும் செக் எழுதிக் கொடுக்காதீங்க.

சொந்தக்காரங்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்புவோம்னு மிரட்டுனாங்கன்னு சொன்னீங்க. உங்க போன் செட்டிங்ஸ்ல போய் அந்த ஆப்புக்கு கான்டாக்ட், போட்டோ, லொகேஷன் பார்க்குற அனுமதியை எல்லாம் எடுத்துடுங்க. ஏற்கனவே அவங்க எடுத்த பட்டியல் அவங்ககிட்ட இருக்கலாம், அதனால வீட்டுக்காரருக்கு இந்த விஷயம் வேற யாரோ அனுப்புற மெசேஜ்ல தெரியறதைவிட உங்க வாயால தெரியணும். வந்த மெசேஜ், கால் நேரம் எல்லாத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க, மிரட்டல் தொடர்ந்தா சைபர் குற்றப் பிரிவுலயும், கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கிற அமைப்புலயும் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். பணத்தை ஆப்புக்குள்ள காட்டுற நிறுவனக் கணக்குக்கு மட்டும் கட்டுங்க, போன்ல பேசுறவர் தன்னோட சொந்தக் கணக்கு நம்பர் கொடுத்தா அதுல ஒரு பைசாகூட போடாதீங்க, போட்ட காசு கணக்குல வராது.

"பாதி கொடுங்க, செட்டில் பண்ணிடலாம்"னு கேப்பாங்க. செட்டில்மென்ட்டும் முழுசா அடைச்சதும் ஒண்ணு இல்ல, கிரெடிட் ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு பதிவாகி பல வருஷம் நிக்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. கட்டவே வழியில்லாதவங்களுக்கு அது ஒரு வழி. உங்களால முழுசா கட்ட முடியுது, அதனால உங்களுக்கு அது வேணாம்.

அந்தக் கையெழுத்து

இதுல மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லி அவர்கிட்ட கையெழுத்து வாங்காதீங்க. இணைக் கடன்காரரா கையெழுத்து போடுறவர் பாதிக்கு மட்டும் பொறுப்பு இல்ல, நீங்க கட்டலன்னா முழு 821க்கும் அவர்கிட்ட வருவாங்க, அவரோட கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து விழும். கடன் வாங்குனதை மறைச்சது ஒரு விஷயம், பயத்துல நடந்ததுன்னு அவர் புரிஞ்சுக்க வாய்ப்பிருக்கு. ஏமாத்தி கையெழுத்து வாங்குனது தெரிய வந்தா அதுக்கு அப்புறம் நீங்க என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

"சொன்னா குடும்பம் உடைஞ்சிடும்"னு எழுதியிருக்கீங்க. அவரைப் பத்தி நீங்க எழுதுன மத்த வரிகளைப் பார்த்தா எனக்கு அப்படித் தோணல, கோபப்படுவார், ரெண்டு மூணு நாள் பேசாம இருக்கலாம், அதுக்கு நீங்க தயாரா இருக்கணும். இதைப் படிக்கிற வேற யாருக்காவது வீட்டுல அடி உதை நடக்குற ஆபத்து இருந்தா இந்த அறிவுரை உங்களுக்கு இல்ல, முதல்ல நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்டயோ ஆலோசகர்கிட்டயோ பேசிட்டு அவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

எப்போ சொல்லணும்னா, ராத்திரி தூங்கப் போற நேரத்துலயும் வேணாம், ஆப் காரங்க கூப்பிட்டு நீங்க அழுதுட்டு இருக்குற நேரத்துலயும் வேணாம். லீவு நாள் காலையில, பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்போ. ஒரு தாள்ல அஞ்சு கடனையும் எழுதிக்கோங்க, யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, மாசம் எவ்வளவு. ஒண்ணையும் விடாதீங்க, இன்னைக்கு நாலைச் சொல்லிட்டு அஞ்சாவது அப்புறமா வெளிய வந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மொத்தத் தொகையை முதல்ல சொல்லுங்க, காரணத்தை அப்புறம். அவர் "எதுக்கு வாங்குன"ன்னு கேட்டா கணக்கு இருக்கு, பெரும்பாலானது பள்ளிக் கட்டணமும் வீட்டுப் பற்றாக்குறையும்தான், உங்க ஸ்டேட்மென்ட்லயே தெரியுது, ஆடம்பரம்னு ஒண்ணும் அதுல இல்ல. 60 கொண்டு வர்றவருக்கு வீட்டுல மாசம் 101 செலவாகுதுன்னே தெரியாம இருந்திருக்கு, ரெண்டு கார்டை வெச்சு அந்தப் பள்ளத்தை நீங்க ஒருத்தரே மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. அவரைக் கடனை அடைச்சுக் கொடுக்கச் சொல்லாதீங்க, 66க்குள்ள வீட்டை நடத்த கூட நிக்கச் சொல்லுங்க. அந்த 4 எங்கேர்ந்து குறையும்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது, நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசச் செலவை எழுதி வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பிள்ளைங்களோட சாப்பாட்டுலயும் மருந்துலயும் மட்டும் கை வைக்காதீங்க.

வர்ற நாட்கள்ல செய்ய வேண்டிய வரிசை இதுதான். டெபாசிட்லேர்ந்து 20 எடுத்து ஆப்பை முடிச்சு, பாக்கி இல்லன்னு க்ளோஷர் லெட்டர் வாங்குங்க, தரலன்னா மெயில் போட்டுக் கேளுங்க, ரசீதையும் அந்த மெயிலையும் சேர்த்து பத்திரமா வையுங்க, பிறகு ஆப்பை நீக்குங்க. கம்பெனிக்காரருக்கு வேணாம்னு மெசேஜ்லயே சொல்லிடுங்க, நேர்ல போனா பேசிச் சம்மதிக்க வெச்சிடுவார். வர்ற லீவு நாள் வீட்டுக்காரர்கிட்ட தாளைக் காட்டுங்க. திங்கக்கிழமை கார்டு வங்கிக்குக் கூப்பிட்டு பாக்கியைத் தவணையா மாத்த என்ன வட்டின்னு கேளுங்க, குறையுற பாக்கிக்கு 20%க்குள்ளன்னா மாத்திக்கோங்க, அதுக்கு மேல சொன்னா மாத்தாம மேல சொன்ன 19 கணக்குலயே போங்க. மூணு மாசம் கழிச்சு வர்ற ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் எனக்கு அனுப்புங்க, ரெண்டாவது கார்டு பாக்கி 90லேர்ந்து 63 பக்கம் வந்திருக்கணும். வரலன்னா எங்க ஒழுகுதுன்னு சேர்ந்தே பார்க்கலாம்.